அலமாரியில இருக்கற சர்டிபிகேட்டை முதல்ல திருப்பிக் கொடுங்க

கேள்வி: வணக்கம் மேடம். பெங்களூர் ராமமூர்த்தி நகர் பக்கம் அப்பா ஆரம்பிச்ச சின்ன ஸ்கூலை இப்ப நான் பாத்துக்கறேன். எல்கேஜில இருந்து 7வது வரைக்கும், இங்கிலீஷ் மீடியம், ஸ்டேட் சிலபஸ். 310 பிள்ளைங்க, 14 செக்ஷன், 14 டீச்சர். சம்பளம் சராசரியா 15,000. போன வருஷம் 6 பேர் போய்ட்டாங்க, அதுல 3 பேர் நடு வருஷத்துல. ரெண்டு பேர் வைட்ஃபீல்டு பக்கம் பெரிய ஸ்கூலுக்கு போனாங்க. ஒரு மிஸ் தசரா லீவுக்கு போனவங்க திரும்பவே வரல, காரணமும் சொல்லல. அதனால இந்த வருஷம் புதுசா சேந்தவங்க ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி ஆபீஸ் அலமாரியில வெச்சிருக்கேன். அடுத்த வருஷம் ஸ்டாம்ப் பேப்பர்ல பாண்டு எழுதி வாங்கலாமான்னு யோசிக்கறேன், நடுவுல போனா 2 மாச சம்பளம் கட்டணும்னு. இது செல்லுமா? இந்த சம்பளத்துக்கு நல்ல டீச்சர் எங்க கிடைப்பாங்க, கிடைச்சா எப்படி நிறுத்தி வைக்கறது? (பேர் வேண்டாம்)

பதில்:

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அப்பா ஆரம்பிச்ச ஸ்கூலை மூடாம நடத்தணும்னு நீங்க படற பாடு புரியுது. ஆனா முதல்ல அந்த அலமாரி. திங்கட்கிழமை காலையில பிரேயர் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு ஒரிஜினலை அவங்க கையில கொடுத்துடுங்க, ஜெராக்ஸ்ல கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சுக்கங்க, அது போதும். மத்ததை அப்புறம் பேசலாம்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா எனக்கே அது நடந்திருக்கு. 1989ல நான் முதமுதலா வேலைக்கு சேந்த ஸ்கூல்ல என் டிகிரி சர்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாத்தையும் வாங்கி பீரோவுல வெச்சுட்டாங்க, வருஷம் முடிஞ்சா தரேன்னாங்க. அந்த வருஷம் பி.எட் அட்மிஷனுக்கு கூப்பிட்டாங்க, ஒரிஜினல் காட்டணும், ரெண்டே நாள் டைம், நான் போய் கேட்டா செக்ரட்டரி ஊர்ல இல்ல, சாவி அவர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் போச்சு. அந்த ஸ்கூல்ல மிச்ச 5 மாசம் நான் பாடம் எடுத்தேன், ஆனா மனசு அங்க இல்ல, பிள்ளைங்க நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டு போய் திருத்தறதை நிறுத்திட்டேன், அந்த பிள்ளைங்களுக்கு நான் பண்ணது தப்புன்னு இப்பவும் நினைக்கறேன். சர்டிபிகேட்டை பூட்டி வெச்சா ஆள் கிளாஸ்ல நிப்பாங்க, ஆனா நீங்க எதுக்காக அவங்களை எடுத்தீங்களோ அது நிக்காது.

இன்னொண்ணு, இந்த விஷயம் வெளிய சீக்கிரம் பரவும். ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, கே.ஆர்.புரம் பக்கம் வேலை தேடற டீச்சருங்க ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுட்டு தான் வராங்க. "அங்க ஒரிஜினல் வாங்கி வெச்சுப்பாங்க"ன்னு பேர் வந்துட்டா, வேற இடம் கிடைக்கற நல்ல டீச்சர் உங்க வாசலுக்கே வரமாட்டாங்க, எங்கயும் கிடைக்காதவங்க மட்டும் தான் வருவாங்க.

பாண்டு பத்தி கேட்டிருந்தீங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிட்டா அப்படியே வசூல் பண்ணிடலாம்னு இல்ல. 1872 கான்ட்ராக்ட் சட்டத்துல 74வது பிரிவு இருக்கு, ஒப்பந்தத்துல எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் கோர்ட் நியாயமான நஷ்ட ஈடு மட்டும் தான் கொடுக்க சொல்லும். நீங்க அவங்களை 3 மாசம் வெளிய அனுப்பி காசு கட்டி ட்ரெய்னிங் கொடுத்திருந்தா அது வேற கதை. அது இல்லாம 15,000 ரூபா சம்பளம் வாங்கறவங்க மேல 30,000 ரூபாய்க்கு கேஸ் போட்டு வக்கீல் ஃபீஸ் கட்டப்போறீங்களா? அதுக்கு பதிலா ஒழுங்கான அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுங்க, புரொபேஷன் எத்தனை மாசம், சம்பளம் எந்த தேதி, ரெண்டு பக்கமும் ஒரு மாச நோட்டீஸ், எல்லாம் அதுல இருக்கட்டும். நிறைய சின்ன ஸ்கூல்ல இந்த ஒரு பேப்பர் கூட கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு தான், அப்புறம் நடுவுல போய்ட்டாங்கன்னு வருத்தப்படறோம்.

சரி, ஆளுங்க ஏன் போறாங்க. உங்க லெட்டர்ல ஒரு வரி எனக்கு பளிச்சுன்னு பட்டுச்சு, நீங்க சாதாரணமா எழுதிட்டு போய்ட்டீங்க. 14 செக்ஷன், 14 டீச்சர். அப்படின்னா 8 பீரியடும் எல்லா கிளாஸ்லயும் ஒரு ஆள் நின்னுட்டே இருக்கணும், யாருக்கும் ஒரு ஃப்ரீ பீரியட் கூட கிடையாது. ஒருத்தருக்கு காய்ச்சல் வந்து லீவு போட்டா பக்கத்து கிளாஸ் மிஸ் ரெண்டு ரூமையும் பாக்கணும். நோட்டு திருத்தறது ராத்திரி வீட்ல, சமையல் முடிச்சு பிள்ளைங்களை தூங்க வெச்சப்புறம். டாய்லெட் போகக்கூட ஆயாவை வாசல்ல நிக்க சொல்லிட்டு ஓடணும். நானும் அப்படி வேலை பாத்திருக்கேன், சாயங்காலம் வீட்டுக்கு போனா பேச தொண்டை இருக்காது. தசராவுக்கு போன அந்த மிஸ் 10, 15 நாள் வீட்ல நிம்மதியா இருந்து பாத்திருப்பாங்க, திரும்ப அந்த டைம்டேபிளுக்கு வர உடம்பு ஒத்துக்கல, அவ்வளவு தான்னு எனக்கு தோணுது. தப்பாவும் இருக்கலாம், அதை அவங்ககிட்டயே கேக்கணும், கடைசியா சொல்றேன்.

இதுக்கு உடனே புது ஆள் போட காசு இல்லைன்னு சொல்வீங்க. சரி, புது ஆள் இல்லாமலே பாக்கலாம். எல்கேஜி, யூகேஜி ரெண்டு ரெண்டு செக்ஷன், 1ல இருந்து 3 வரைக்கும் ரெண்டு ரெண்டு, 4ல இருந்து 7 வரைக்கும் ஒண்ணு ஒண்ணு, 14 செக்ஷனுக்கு கணக்கு அப்படி தான் வரும்னு நினைக்கறேன். 310 பிள்ளைங்கன்னா செக்ஷனுக்கு சராசரி 22, கீழ் கிளாஸ்ல எங்கயாவது ரெண்டு செக்ஷனும் 14, 15ன்னு இருக்கும். அந்த ஒரு கிளாஸை மட்டும் சேத்து 29 பிள்ளைங்க ஒரே செக்ஷனா ஆக்குங்க. ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைங்கன்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்குள்ள தான் வருது. இப்ப 1ல இருந்து 7 வரைக்கும் 9 செக்ஷன், 10 டீச்சர், ஒரு நாளைக்கு 8 பீரியட் மிச்சம். எல்கேஜி, யூகேஜி மத்தியானம் 12.30க்கு விட்டுடுவீங்க இல்லையா, அந்த 4 மிஸ்ஸும் மத்தியானம் ஆளுக்கு ஒரே ஒரு பீரியட் கீழ் கிளாஸ்ல கதை சொல்றது, டிராயிங், ஹேண்ட்ரைட்டிங் எடுக்கட்டும், மிச்ச நேரம் அவங்க சார்ட் தயார் பண்ண. அது ஒரு 4. மொத்தம் 12. 10 டீச்சருக்கும் தினம் ஒரு ஃப்ரீ பீரியட் கொடுத்தப்புறமும் ரெண்டு பீரியட் கையில இருக்கும், யாராவது லீவு போட்டா அதை வெச்சு சமாளிக்கலாம். செக்ஷனை சேத்தா பேரன்ட்ஸ் கேப்பாங்க, நீங்களே நேரா கூப்பிட்டு ஏன்னு சொல்லுங்க, மிஸ்ஸை விட்டு சொல்ல வைக்காதீங்க.

அந்த ஃப்ரீ பீரியடை நீங்க பிடுங்கக் கூடாது. ஃபீஸ் ரசீது எழுத, ஆனுவல் டே டான்ஸ் பாக்க, அட்மிஷனுக்கு வீடு வீடா போய் நோட்டீஸ் கொடுக்கன்னு கூப்பிடறது தான் நம்ம ஸ்கூல்கள்ல பழக்கம். ஏப்ரல் மே வெயில்ல டீச்சரை தெருத்தெருவா அட்மிஷன் கேக்க அனுப்பற ஸ்கூல் இந்த ஊர்ல எத்தனையோ இருக்கு. படிச்சு பட்டம் வாங்கினவங்களை ஒரு கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சு "எங்க ஸ்கூல்ல சேருங்க"ன்னு சொல்ல வைக்கறது அவங்க மனசுல எவ்வளவு நாள் தங்கும்னு நமக்கு தெரியறதில்ல.

இப்ப சம்பளம். வைட்ஃபீல்டு பெரிய ஸ்கூலோட நீங்க போட்டி போட முடியாது, போட வேண்டாம். ஆனா உங்க கையில இருக்கறதை சரியா செய்யுங்க. எந்த தேதியில சம்பளம் போடறீங்கன்னு நீங்க எழுதல, ஃபீஸ் வந்தப்புறம் 10, 12 தேதின்னு இழுக்கறது தான் சின்ன ஸ்கூல் வழக்கம், அவங்க வீட்டு வாடகை 5ம் தேதி கொடுக்கணும். ஜூன் ஜூலைல ஃபீஸ் வரும்போதே 2 மாச சம்பளம், அதாவது 14 பேருக்கு 4.2 லட்சம், தனி அக்கவுண்ட்ல போட்டு வைங்க, அதைத் தொடவே கூடாது, ஃபீஸ் லேட்டானாலும் 1ம் தேதி சம்பளம் போகணும். அப்புறம் புதுசா சேந்தவங்களுக்கு ஏப்ரல் மே சம்பளம் கிடையாதுங்கற வழக்கம் உங்க ஸ்கூல்லயும் இருந்தா அதை இந்த வருஷமே விட்டுடுங்க. 10 மாச சம்பளம் கொடுத்தா அந்த ரெண்டு மாசத்துல அவங்க வேற வேலை தேடாம என்ன பண்ணுவாங்க? நீங்களே தானே தேட அனுப்பறீங்க. 2,000 ரூபா ஏத்தணும்னா 14 பேருக்கு வருஷத்துக்கு 3.36 லட்சம், 310 பிள்ளைங்க மேல பிரிச்சா ஒரு பிள்ளைக்கு மாசம் 90 ரூபா. எதுக்காக ஏத்தறோம்னு பேரன்ட்ஸ்கிட்ட சொல்லி ஏத்தினா பெரும்பாலும் ஒத்துப்பாங்க, அவங்களுக்கும் நடு வருஷத்துல மிஸ் மாறறது பிடிக்கறதில்ல.

பிஎஃப் பத்தி நீங்க எழுதல, 14 பேர் தானே நமக்கு வராதுன்னு இருக்கீங்களோ என்னவோ. 20 பேர் வேலை பாத்தா பிஎஃப் கட்டணும், அந்த 20 பேர் கணக்குல டீச்சர் மட்டும் இல்ல, ஆயா, ஆபீஸ் கிளார்க், வேன் டிரைவர், வாட்ச்மேன் எல்லாரும் சேத்தி. 2 ஆயா, 1 கிளார்க், 2 டிரைவர், 1 வாட்ச்மேன்னு இருந்தாலே 20 ஆயிடுச்சு. 15,000 சம்பளத்துக்கு அவங்க பங்கு 1,800, உங்க பங்கு 1,800. கிராஜுவிட்டியும், அதாவது வேலையை விட்டு போறப்ப கொடுக்கற பணமும் உண்டு, டீச்சருக்கு அது கிடையாதுன்னு நம்பற மேனேஜ்மென்ட் இன்னும் இருக்காங்க, 2009ல சட்டத்தை திருத்தி 1997 ஏப்ரல் 3ல இருந்தே டீச்சருக்கும் உண்டுன்னு ஆக்கியாச்சு, 2022ல சுப்ரீம் கோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. மாசத்தை 26 நாளா வெச்சு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 15,000க்கு வருஷம் 8,650 ரூபா கிட்ட, 5 வருஷம் முடிச்சு போறவங்களுக்கு 43,000க்கு மேல வரும். இதை செலவுன்னு மட்டும் பாக்காதீங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுக்கறப்பவே "அஞ்சு வருஷம் இருந்தா உங்களுக்கு இவ்வளவு வரும்"னு எழுதிக் காட்டுங்க, நீங்க நினைச்ச பாண்டை விட இது ஆளை நிறுத்தும்.

எங்க தேடறது. நான் அல்சூர்ல ஒரு சின்ன ஸ்கூல்ல ஹெச்எம்மா இருந்தப்ப எனக்கு கிடைச்ச நல்ல மேத்ஸ் மிஸ் கேஜிஎஃப்ல (கோலார் தங்க வயல்) இருந்து ரயில்ல வந்தவங்க. 2001ல மைன்ஸ் மூடினப்புறம் அங்க இருந்து தினம் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வர்ற நம்ம ஜனம் எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும், அதுல டிகிரி, பி.எட் முடிச்ச பொண்ணுங்க நிறைய. இந்த மிஸ்ஸை இன்டர்வியூ பண்ண மத்த ஸ்கூல்ல எல்லாம் "ரயில் லேட்டானா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்களாம். நான் அவங்களுக்கு முதல் பீரியட் போடல, ரெண்டாவதுல இருந்து போட்டேன், கடைசி பீரியட் முடிஞ்சதும் டயரி எழுதற வேலையை அடுத்த நாள் ஃப்ரீ பீரியட்ல பண்ணுங்கன்னு விட்டுட்டேன், சாயங்கால வண்டியை பிடிக்கணுமே. 17 வருஷம் இருந்தாங்க. நடுவுல ரெண்டு பெரிய ஸ்கூல் கூப்பிட்டது எனக்கே தெரியும், போகல. உங்களுக்கு கே.ஆர்.புரம் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, நீங்க ஏன் அந்தப் பக்கம் சொல்லி வைக்கக் கூடாது?

பிஎம்டிசி ஆர்டினரி டவுன் பஸ்ல 2023 ஜூன்ல இருந்து கர்நாடகாவுல இருக்கற பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால தூரத்துல இருந்து வரவும் இப்ப யோசிக்க மாட்டாங்க, அவங்களுக்கு காசை விட நேரம் தான் பிரச்சினை. குழந்தை பிறந்து வேலையை விட்டவங்க, பிள்ளை யூகேஜி வந்தப்புறம் திரும்ப வேலைக்கு வரணும்னு நினைக்கறவங்க உங்க ஸ்கூல் கேட்லயே தினம் மத்தியானம் நிக்கறாங்க, அவங்கள்ல யாரு என்ன படிச்சிருக்காங்கன்னு ஒரு தடவை விசாரிச்சு பாருங்க. பக்கத்துல பி.எட் காலேஜ் இருந்தா போய் பேசுங்க, ரெண்டு வருஷ பி.எட்ல ரெண்டாவது வருஷம் 16 வாரம் ஸ்கூல்ல இன்டர்ன்ஷிப் பண்ணணும், காலேஜும் ஸ்கூல் தேடிட்டு தான் இருப்பாங்க. 16 வாரம் ஒருத்தரை கிளாஸ்ல பாத்துட்டு வேலைக்கு எடுக்கறதுக்கும், அரை மணி நேர இன்டர்வியூல எடுக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஒண்ணை மட்டும் கவனிங்க, 1ல இருந்து 5 வரைக்கும் பி.எட் செல்லாது, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துடுச்சு, அங்க டி.எல்.எட், அதாவது தொடக்கப்பள்ளி டீச்சர் டிப்ளமோ வேணும். டெட் (டீச்சர் தகுதித் தேர்வு) விஷயத்துலயும் 2025 செப்டம்பர் 1ம் தேதி தீர்ப்பு வந்திருக்கு, ஏற்கனவே வேலையில இருக்கறவங்கள்ல ரிடையர் ஆக 5 வருஷத்துக்கு மேல இருந்தா 2 வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும்னு. உங்க டீச்சருங்க இப்ப இதை நினைச்சு பயந்துட்டு இருப்பாங்க. எக்ஸாம் ஃபீஸை ஸ்கூல் கட்டட்டும், எக்ஸாமுக்கு முன்னாடி 4 நாள் சம்பளத்தோட லீவு கொடுங்க, பாஸ் பண்ணா அரசு வேலைக்கு போய்டுவாங்களேன்னு தயங்காதீங்க. சிலர் போவாங்க, சந்தோஷமா அனுப்புங்க, அப்படி போன ரெண்டு பேர் தான் எனக்கு அடுத்தடுத்து நல்ல ஆளுங்களை அனுப்பி வெச்சாங்க.

ஆளை எடுக்கறப்ப ஹெச்எம் ரூம்ல உக்கார வெச்சு "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" கேக்கறதுல ஒண்ணும் தெரியாது, இங்கிலீஷ் நல்லா பேசறவங்க ஜெயிச்சுடுவாங்க. நிஜ கிளாஸ்ல ஒரு பீரியட் விடுங்க, என்ன பாடம்னு முந்தின நாளே சொல்லிடுங்க, நீங்க பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாருங்க. ஒரு பிள்ளை தப்பா பதில் சொன்னா அவங்க முகம் என்ன ஆகுது, அடுத்த பிள்ளைகிட்ட தாவறாங்களா, இல்ல ஏன் அப்படி சொன்னேன்னு கேக்கறாங்களா, கடைசி பெஞ்சுல தமிழ் மட்டும் புரியற பிள்ளை, தெலுங்கு மட்டும் புரியற பிள்ளை பக்கம் கண் போகுதா, இதைத் தான் பாக்கணும். அப்புறம் 5 நோட்டு கொடுத்து திருத்த சொல்லுங்க. மேத்ஸ்க்கு நான் ஒரு கேள்வி எப்பவும் கேப்பேன்: ஒரு பிள்ளை 1/2 கூட்டல் 1/3க்கு 2/5ன்னு எழுதியிருக்கு, ஏன் அப்படி எழுதுச்சு? தப்பு, எல்சிஎம் எடுக்கணும்னு மட்டும் சொல்றவங்க பல பேர். "மேல மேலயும் கீழ கீழயும் கூட்டிடுச்சு, அரையை விட விடை சின்னதா வருதேன்னு ஒரு ரொட்டியை கிழிச்சு காட்டினா அதுக்கே புரியும்"னு ஒருத்தர் சொன்னாங்கன்னா அவங்களை விடாதீங்க, இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்ல, அதை 6 மாசத்துல சரி பண்ணலாம். டெமோவுக்கு வர்றவங்களுக்கு ஒரு டீ கொடுத்து, ஒரு 200 ரூபாயாவது கையில கொடுத்து அனுப்புங்க, அரை நாள் உங்களுக்கு வேலை பாத்திருக்காங்க.

இன்னொரு முக்கியமான விஷயம் பேரன்ட்ஸ். மிஸ்ஸோட சொந்த நம்பரை கிளாஸ் வாட்ஸாப் குரூப்ல போட்டிருந்தா எடுத்துடுங்க. ராத்திரி 10 மணிக்கு "மிஸ் நாளைக்கு என்ன ஹோம்வொர்க்", காலையில 6 மணிக்கு "மிஸ் ஏன் என் பையனை பின்னாடி உக்கார வெச்சீங்க". ஸ்கூல் நம்பர் ஒண்ணு, ஆபீஸ்ல ஒரு ஆள், சாயங்காலம் 4.30 வரைக்கும், அவ்வளவு தான். யாராவது கேட்ல நின்னு மிஸ்ஸை கத்தினா நீங்க எழுந்து போய் நடுவுல நில்லுங்க, "என்கிட்ட பேசுங்க, மிஸ் கிளாஸுக்கு போங்க"ன்னு சொல்லுங்க. தப்பு மிஸ் மேலயே இருந்தாலும் அதை சாயங்காலம் கதவை சாத்திட்டு அவங்ககிட்ட பேசிக்கலாம். என்கிட்ட வேலையை விட வந்து நின்ன ஒருத்தர், இப்படி ஒரு நாள் நான் நடுவுல நின்னதுக்கு அப்புறம் எழுதிட்டு வந்த லெட்டரை கொடுக்காமயே போனாங்க, எனக்கு அது பல மாசம் கழிச்சு தான் தெரிஞ்சுது.

கன்னட டீச்சரையும் மறந்துடாதீங்க. 2015 சட்டப்படி எல்லா ஸ்கூல்லயும் கன்னடம் முதல் மொழியாவோ ரெண்டாவது மொழியாவோ இருந்தே ஆகணும், உங்க பிள்ளைங்கள்ல பாதி பேர் வீட்ல தமிழோ தெலுங்கோ தான் பேசுவாங்க, வீட்ல கன்னடம் இல்லாத பிள்ளைக்கு கன்னடம் சொல்லிக் கொடுக்கறது தனி வேலை, அதுக்கு பொறுமையான ஆள் கிடைச்சா மத்தவங்களை விட 1,000 கூட கொடுத்தாவது வெச்சுக்கங்க, அந்த இடம் காலியானா திரும்ப நிரப்ப உங்களுக்கு ரொம்ப கஷ்டம்.

தசராவுக்கு போய் வராத மிஸ்ஸுக்கு ஒரு தடவை போன் பண்ணுங்க, நீங்க வேண்டாம், உங்க ஹெச்எம்மை விட்டு பண்ண சொல்லுங்க. எடுக்கலன்னா ஒரு மெசேஜ். திரும்ப வாங்கன்னு கேக்க வேண்டாம், "உங்களுக்கு இங்க என்ன கஷ்டமா இருந்துச்சு, சொன்னா மத்தவங்களுக்கு சரி பண்றோம்"னு மட்டும். அவங்க வேலை பாத்த நாளுக்கு சம்பளம் பாக்கி இருந்தா அந்த மெசேஜுக்கு முன்னாடியே அக்கவுண்ட்ல போட்டுடுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் டைப் பண்ணா அதோட ஒரு காப்பியும் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.